அலர்ட்மேனேஜர் இன்ஹிபிட் விதி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

கிளை அலுவலகத்தின் லிங்க் ஒன்று போனால், அதன் பின்னால் உள்ள ஸ்விட்ச், வைஃபை ஏபி (ஆக்சஸ் பாயின்ட்), கேமரா, பிரிண்டர் எல்லாம் டவுன் என்று அலர்ட் கொட்டும். தேவை ஒரே செய்தி. கண்காணிப்பு மென்பொருளான ப்ரோமிதியஸோடு ஓடி, அதன் அலர்ட்டுகளைச் செய்தியாக அனுப்பும் அலர்ட்மேனேஜரில் குரூப்பிங் இவற்றையெல்லாம் ஒரே மெயிலாகக் கட்டித் தரும், அவ்வளவுதான். எது காரணம், எது விளைவு என்று நாம்தான் தேட வேண்டும். வாயை அடைப்பது இன்ஹிபிட் விதி. லிங்க் அலர்ட் இருக்கும்வரை, அதே ‘சைட்’ லேபிள் (எந்தத் தளம் என்று சொல்லும் குறிப்பு) கொண்ட சாதன அலர்ட் எதுவும் வெளியே போகாது.

விதி நாலைந்து வரிதான். தகராறு நேரக்கணக்கில். லிங்க் ரூலில் ‘ஃபார்’ (பழுது எவ்வளவு நேரம் நீடித்தால் அலர்ட் கிளம்பும் என்ற அளவு) 1 நிமிடம் என்றால் சாதன ரூலில் 3 நிமிடம் வையுங்கள்; லிங்க் அலர்ட் முந்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டு, முதல் செய்திக்கு முன் காத்திருக்கும் ‘குரூப் வெயிட்’டின் 30 வினாடி காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது. அந்தக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும் குரூப்புக்கு மட்டுமே. அதே குரூப்பில் ஏற்கெனவே ஒரு பழுதான கேமரா கிடந்தால், அடுத்த ‘குரூப் இன்டர்வல்’ (அதே குரூப்பின் அடுத்த செய்திக்கான இடைவெளி) முடியும் நொடியில் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிடும்.

பலர் கவனிக்காதது லிங்க் திரும்பி வரும் நேரம். லிங்க் அலர்ட் உடனே தீர்ந்துவிடும். மின்தடைக்குப் பின் ஸ்விட்சும் ஏபியும் பூட் ஆக இன்னும் சில நிமிடம் எடுக்கும். தடை விலகியதும், அடக்கி வைத்ததெல்லாம் அப்போது வெளியே வரும். ப்ரோமிதியஸ் 2.42-இல் வந்த ‘கீப் ஃபையரிங் ஃபார்’ (பழுது தீர்ந்த பிறகும் அலர்ட்டை இத்தனை நேரம் உயிரோடு வைக்கும் அமைப்பு) இதற்கு நல்ல மருந்து: லிங்க் ரூலில் 5 நிமிடம் போட்டால் போதும். லிங்க் சரியான செய்தியும் 5 நிமிடம் தாமதமாகும், பெரிய நஷ்டமில்லை.

இரண்டு ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) உள்ள தளத்தில் ஒரு லிங்க் போனதை வைத்து அடக்கினால் நிஜமான பழுதும் மறைந்துவிடும். தளவாரியாக எல்லா லிங்க்கின் ‘ப்ரோப் சக்சஸ்’ மதிப்புக்கும் (லிங்க் உயிரோடு இருந்தால் 1, இல்லையென்றால் 0) ‘மேக்ஸ் பை சைட்’, அதாவது தளத்துக்கு ஒரு அதிகபட்ச மதிப்பு, எடுத்து, அது 0 ஆனால் மட்டும் அடக்கும் அலர்ட் வரட்டும். அதில் ‘பை சைட்’ விட்டுப்போனால் ஆபத்து. விதியின் ‘ஈக்வல்’ பட்டியலில் (இரண்டு அலர்ட்டிலும் ஒத்திருக்க வேண்டியவை) உள்ள லேபிள் இரண்டு பக்கமும் இல்லையென்றால், அலர்ட்மேனேஜர் அதைப் பொருத்தம் என்றே எடுத்துக்கொள்ளும்; சைட் லேபிள் இல்லாத சாதனங்கள் அத்தனையும் ஊமையாகிவிடும். டார்கெட் மேட்சரில் (அடக்க வேண்டிய அலர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) சைட் காலியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்த்துவிடுங்கள்.

பராமரிப்பு நேரத்தில் லிங்க் அலர்ட்டை மட்டும் சைலன்ஸ் (குறிப்பிட்ட நேரம் செய்தி அனுப்பாமல் நிறுத்துவது) செய்தால் போதும். சைலன்ஸ் ஆன அலர்ட்டும் மற்றவற்றை அடக்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெரிய குறை, இன்ஹிபிட் விதிக்கு நெட்வொர்க்கின் அமைப்பு தெரியாது. இன்னொரு கண்காணிப்பு மென்பொருளான நேகியோஸில் ‘பேரன்ட்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் கீழே உள்ளவை டவுன் ஆகாமல் அன்ரீச்சபிள் (எட்ட முடியாதவை) ஆகும், எத்தனை அடுக்கானாலும். இங்கே ‘ஈக்வல்’ ஒரே பெயருள்ள லேபிளைத்தான் ஒப்பிடும். ஸ்விட்சின் ‘இன்ஸ்டன்ஸ்’ பெயரை ஏபியின் ‘அப்லிங்க்’ (மேலே இணைந்த சாதனத்தின் பெயர்) லேபிளோடு பொருத்த முடியாது. ஸ்விட்ச் அலர்ட்டிலும் ‘அப்லிங்க்’ என்ற லேபிளில் அதன் சொந்தப் பெயரை நாமே ஒட்ட வேண்டும். கோர், டிஸ்ட்ரிபியூஷன், ஆக்சஸ் என மூன்றடுக்கு வளாகத்துக்கு நேகியோஸ்தான் இன்னும் சுலபம். தளத்துக்கு ஒரு ரவுட்டர் என்ற அமைப்புக்கு இது தாராளம்.

எது அடங்கியிருக்கிறது என்று பார்க்க அலர்ட்மேனேஜரின் கட்டளைவரிக் கருவியான ‘ஆம்டூல்’ அலர்ட் குவெரியில் ‘இன்ஹிபிடட்’ ஆப்ஷனைக் கொடுங்கள். அது இல்லாமல் கேட்டால் அடங்கியவை பட்டியலிலேயே வராது.