‘ஜீரோ ஹவர்’ என்று சொல்லி ஸ்னோமொபைல் எஞ்சினை மாட்டிவிட்டார்கள்

மிச்சிகனில் இருந்து எழுதுகிறேன். யாரோ கராஜில் கட்டிய பழைய அல்ட்ராலைட்டை, அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் மிகச் சின்ன விமானத்தை வாங்கி, அதற்குப் பெரிய எஞ்சின் போட்டுப் பறக்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பட்டறைக்காரர் கையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. வழக்கு நடக்கிறது. தவிர, இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம். அமெரிக்காவில் அல்ட்ராலைட்டுக்கு என்று 1982 முதல் ‘பார்ட் 103’ என்ற விதி இருக்கிறது. ஒரே ஒரு இருக்கை. வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள். பெட்ரோல் 5 காலனுக்கு மேல் கூடாது. முழு வேகம் 55 நாட், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இதற்குள் இருந்தால் விமானத்துக்குப் பதிவு எண் வேண்டாம், ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டாம், வருடாந்திர சோதனையும் வேண்டாம். நம் ஊரில் டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டவே லைசென்ஸ் கேட்பார்கள். இங்கே வானத்தில் போக எதுவும் கேட்பதில்லை. எல்லோரையும் இந்தப் பக்கம் இழுப்பது இந்தச் சுதந்திரம்தான். ஏமாற்றுகிறவனுக்கும் அதுவே வசதி. எஞ்சினை யார் பிரித்தார், என்ன மாற்றினார், எத்தனை மணி ஓடியது என்று எந்த அரசாங்க ஏட்டிலும் இருக்காது.

என்னிடம் இருப்பது கோல்ப் (Kolb) கம்பெனியின் ஃபயர்ஸ்டார் என்ற அல்ட்ராலைட். முன்னால் எஃகுக் குழாய்க் கூண்டு, பின்னால் நீளமான அலுமினியக் குழாய், அதன் முனையில் வால். இறக்கைகள் துணி போர்த்தியவை. மடக்கி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். எஞ்சின் விமானியின் தலைக்குப் பின்னால் உயரத்தில் இருந்து தள்ளும். கிட்டாக வாங்கித் தன் கையால் கட்டியவர் இறந்த பிறகு, அவர் குடும்பத்தாரிடம் நான் வாங்கினேன். அதில் இருந்தது ஆஸ்திரியாவின் ரோட்டக்ஸ் கம்பெனி செய்த 377 எஞ்சின், இரண்டு ஸ்ட்ரோக், 35 குதிரைத்திறன். நல்ல எஞ்சின்தான். ஆனால் நான் ஒன்றும் ஒல்லி இல்லை. ஜூலை வெயிலில், புல்தரை ஓடுபாதையின் கடைசியில் நிற்கும் மரங்கள் கொஞ்சம் அதிகமாகவே பக்கத்தில் தெரிந்தன. ‘503 போடு’ என்று எல்லோரும் சொன்னார்கள். 503 என்றால் அதே ரோட்டக்ஸின் பெரிய எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன்.

503 போட்டால் எடை கூடும். என் விமானம் பார்ட் 103-ஐத் தாண்டிவிடும். அதை நான் முதலிலேயே கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, “அதற்கு வழி இருக்கிறது. லைட் ஸ்போர்ட் வகையில் பதிவு செய்து தருகிறேன். பேப்பர் வேலைக்கு 900 டாலர். அப்புறம் எடைக் கணக்கும் இல்லை, பெட்ரோல் கணக்கும் இல்லை” என்றார். அந்த வகை விமானம் ஓட்டத் தேவையான ஸ்போர்ட் பைலட் உரிமம் என்னிடம் ஏற்கனவே இருந்தது. சரி என்றேன். ‘ஜீரோ ஹவர்’ 503, அதாவது முழுக்கப் பிரித்து, புது கிராங்க் ஷாஃப்ட் போட்டு ஓவர்ஹால் செய்தது, எல்லா கண்ட்ரோல் கேபிள்களும் புதிது, பதிவு வேலை, என் 377-ஐ அவர் எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்துக்கொள்வது. எல்லாம் சேர்த்து 6,400 டாலர், பாதி முன்பணம். இதுதான் பேச்சு.

குளிர்காலம் முழுக்க விமானம் அவருடைய கொட்டகையில் கிடந்தது. போன் செய்தால் எடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. ‘பார்ட்ஸ் ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டும்’ என்பார். எண்ணெய்த்தாள் சுற்றிய புது கிராங்க் ஷாஃப்ட் ஒன்றின் படத்தை அனுப்பி மீதிப் பணத்திலும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். அதே படம், அதே மேஜை, மேஜையில் அதே காபிக் கறை, ஒரு பழைய விற்பனை விளம்பரத்தில் இருப்பதைப் பின்னால் பார்த்தேன்.

வண்டி வந்ததும் பறக்கவில்லை, அதற்கு அந்தக் கடவுளுக்கு நன்றி. வாலைக் கயிற்றால் மரத்தோடு கட்டிவிட்டுத் தரையில் ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஓடியது. சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் மீட்டரில் ஒரு சிலிண்டர் ஒழுங்காக நிற்க, இன்னொன்று ஏறிக்கொண்டே போனது. இந்த எஞ்சினுக்கு 650 டிகிரி செல்சியஸ்தான் உச்சவரம்பு. அதைத் தொடுவதற்குள் அணைத்துவிட்டேன். போன் செய்தால், “புது எஞ்சின், ரிங் செட் ஆகட்டும், நாலு மணி நேரம் பறந்தால் சரியாகிவிடும்” என்றார். தரையிலேயே சூடேறுகிற எஞ்சினைப் பறந்து சரிபண்ணச் சொல்கிறார்.

எங்கள் திடலில் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வாழ்க்கையைக் கழித்தவர். வந்தார், குனிந்து பார்த்தார், “ஏன் சிலிண்டருக்கு ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது?” என்று கேட்டார். விமானத்துக்கு என்று விற்ற பிற்கால 503-களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு தனித்தனி இக்னிஷன். ஒன்று செத்தாலும் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும். இதே கேள்வியை நானும் பட்டறையில் கேட்டிருந்தேன். ‘ஆரம்ப கால 503 இப்படித்தான் வந்தது’ என்று பதில் வந்தது. அது பொய் இல்லை, ஆரம்பத்தில் அப்படியும் வந்தன. பாதி உண்மையை வைத்து வியாபாரம் செய்கிற கெட்டிக்காரத்தனம் அது.

பெரியவர் எக்ஸாஸ்டைக் கழற்றச் சொன்னார். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒரு வசதி, எக்ஸாஸ்ட் துளை வழியாகவே பிஸ்டனின் பக்கவாட்டையும் ரிங்கையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம், கால் மணி நேர வேலை. பார்த்தோம். பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். எப்போதோ ஒரு முறை சிலிண்டரோடு இறுகிப்போன பிஸ்டன் அது. புது ரிங் மட்டும் போட்டிருந்தார்கள்.

பிறகு சிலிண்டரையும் கழற்றினோம். கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிந்தது. பேரிங்கில் துருப்பிடித்த குழிகள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பேரிங்கை நனைக்கும். பல வருடம் சும்மா கிடந்தால் அந்த ஆயில் வழிந்துபோய் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். ரோட்டக்ஸ் இந்த எஞ்சினுக்கு 300 மணி அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் என்று வைத்திருப்பது இதனால்தான். ஓடாமல் கிடந்த எஞ்சின் நல்ல எஞ்சின் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. அந்த வழியாகக் காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் கலவை மெலிந்து, அதனால்தான் ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறியது.

எஞ்சின் எண்ணை ரோட்டக்ஸ் சேவை மையம் ஒன்றில் கொடுத்து விசாரித்தேன். விமானத்துக்கு விற்ற எண் வரிசையில் அது இல்லை என்றார்கள். ரோட்டக்ஸை 1970-லேயே பம்பார்டியர் வாங்கிவிட்டது. அவர்களுடைய ஸ்கி-டூ பனிவண்டிகளில், அதாவது ஸ்னோமொபைல்களில், 503 எஞ்சின் ஏகப்பட்டது ஓடியது. மிச்சிகனில் கொட்டகைக்குக் கொட்டகை பழைய ஸ்னோமொபைல் கிடக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழற்றி, வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து, கியர்பாக்ஸ் மாட்டினால் ‘ஏவியேஷன் எஞ்சின்’. புது மொந்தையில் பழைய கள். தெரிந்தே ஸ்னோமொபைல் எஞ்சினை மாற்றிப் பறப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் துணிச்சல். ஆனால் அதற்குண்டான விலையில் வாங்குகிறார்கள். இன்னொன்று, நல்ல எஞ்சினைப் பற்றியே கம்பெனியின் கையேடு, ‘இது திடீரென்று நின்றுபோகக்கூடியது’ என்று எச்சரிக்கிறது. அப்படியிருக்க, துருப்பிடித்த பேரிங்கோடு மரத்துக்கு மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இப்படி என்றதும் மற்ற இடங்களையும் துருவினோம். புது கேபிள்கள் புதிதுதான். ஆனால் முனைகளை மடித்து இறுக்கிய குழல்கள் அலுமினியம், ஹார்டுவேர் கடையில் துணி காயப்போடும் கம்பிக்கு வாங்குகிற ரகம். விமானக் கண்ட்ரோல் கேபிளுக்குச் செம்புக் குழல் போட்டு, அதற்கென்று உள்ள கருவியால் அழுத்தி, சரியாக அழுந்தியதா என்று அளவுத் தகட்டால் பார்க்க வேண்டும். எஞ்சின் தாங்கியில் இருந்த போல்டுகளின் தலையில் ஆறு கோடுகள். அது கிரேடு 8, லாரிக்குப் போடுவது. விமானத்துக்கு உரிய ஏ.என். போல்டின் தலையில் X மாதிரி ஒரு குறி இருக்கும். ‘கிரேடு 8 இன்னும் வலுவானது, தெரியுமா?’ என்று இதற்கும் பட்டறைக்காரர் பதில் வைத்திருந்தார். இழுவிசைக் கணக்கில் அது சரிதான். ஆனால் ஏ.என். போல்டில் மரை கொஞ்சமாகத்தான் இருக்கும். பாரம் தாங்குகிற இடத்தில் வழவழப்பான தண்டு வரும்படி நீளம் பார்த்து வாங்குவோம். இவர் மாட்டியதில் மரை, பாரம் விழுகிற இடம் வரை உள்ளே போயிருந்தது. முறிவு தொடங்குவது மரையின் அடிப் பள்ளத்தில்தான்.

இவ்வளவும் காசு கொடுத்தால் திருத்திவிடலாம். பேப்பர் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2004-ல் எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு, ‘லைட் ஸ்போர்ட்’ என்ற வகையைக் கொண்டுவந்தபோது, எடை கூடிப்போன அல்ட்ராலைட்டுகளையும் இரட்டை இருக்கைப் பயிற்சி வண்டிகளையும் சட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு சலுகை கொடுத்தார்கள். பதிவு செய்து, ஆய்வாளரிடம் காட்டி, சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். யார் கட்டியது என்ற கேள்வி கிடையாது. பட்டறைக்காரர் என்னிடம் விவரித்தது அந்தச் சலுகையைத்தான், வார்த்தைக்கு வார்த்தை. அது 2008 ஜனவரி 31-ஓடு முடிந்துவிட்டது. அதற்குள் மாறியவை இன்றும் பறக்கின்றன; புதிதாக யாரும் அந்த வழியில் நுழைய முடியாது. முடிந்துபோன சலுகைக்கு என்னிடம் 900 டாலர் வாங்கியிருக்கிறார். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிற மனிதருக்கு அந்தத் தேதி தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

மிச்சம் இருப்பது ‘அமெச்சூர் பில்ட்’ வழி. அதற்கு விமானத்தின் பெரும்பகுதியை யாரோ ஒருவர் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்ளவோ தன் கையால் கட்டினார் என்று காட்ட வேண்டும். இங்கே எல்லோரும் இதை 51 சதவீத விதி என்கிறார்கள். கட்டும்போது எழுதிய நோட்டும் படங்களும்தான் ஆதாரம். கட்டியவர் போய்விட்டார். அவருடைய மகள் பெட்டிகளைத் தேடிச் சில படங்கள் அனுப்பினார், நோட்டு கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் கட்டிய விமானம் வாங்குகிறவர்கள், விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நோட்டைக் கேளுங்கள்.

மூன்று சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து எடை பார்த்தேன். 300 பவுண்டை ஒட்டி வந்தது. கேட்காமலேயே ‘என் அன்பளிப்பு’ என்று 10 காலன் டேங்க் வேறு மாட்டியிருந்தார். ஆக, அந்த நிலையில் தரையை விட்டு எழும்பினால் அது அல்ட்ராலைட் இல்லை. பதிவு செய்யாத விமானம். தண்டனை எனக்கு, பட்டறைக்கு இல்லை. எடை கூடியது மட்டும் இல்லை, கூடிய இடமும் முக்கியம். ஃபயர்ஸ்டாரில் எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையின் மையம் பின்னால் நகரும். அது வரம்பைத் தாண்டினால் மூக்கு தூக்கிக்கொள்ளும்; ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மீட்பது கஷ்டம். மையம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்ட தாள் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு தாளே போடவில்லை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: ஓவர்ஹால் என்றால் கழற்றிய பழைய கிராங்க் ஷாஃப்டும் பிஸ்டனும் உங்கள் கைக்கு வர வேண்டும், புதியதன் ரசீது எஞ்சின் எண்ணோடு வர வேண்டும், மூடுவதற்கு முன் நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு முகம் சுளிக்கிற பட்டறையில் விமானத்தை விடாதீர்கள். பதிவு வேலை என்றால் எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். நான் பின்னால் செய்தபோது மரியாதையாகப் பேசினார்கள், பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்தது.

மிச்சிகனில் 7,000 டாலர் வரைக்கும் சின்ன வழக்கு நீதிமன்றத்தில் போடலாம். வக்கீல் வைத்துக்கொள்ள இரண்டு பக்கத்துக்கும் அனுமதி இல்லை, அது நல்லது. படங்கள், குறுஞ்செய்திகள், செக் நகல்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். “ஏங்க, கோர்ட்டுக்குப் போய் வர்ற பெட்ரோல் காசாவது தேறுமா?” என்கிறாள் வீட்டுக்காரி. தெரியவில்லை.

பணம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், என் பழைய 377-ஐ மட்டும் இப்போதே கொடுங்கள் என்று கேட்டேன். விற்றுவிட்டாராம். யாருக்கு, எத்தனை மணி ஓடியது என்று சொல்லி விற்றீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிச்சிகன், ஒஹையோ, இந்தியானா பக்கம் யாராவது சமீபத்தில் ‘ஜீரோ ஹவர்’ 377 வாங்கியிருந்தால், சிலிண்டர் ஹெட் நட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தால் அது நான் போட்டது. என்னிடம் இருந்து போகும்போது அந்த எஞ்சின் 210 மணி ஓடியிருந்தது.