38,000 கிலோமீட்டர், ஒன்பது பஞ்சர்

மச்சினன் போன வாரம் போனில் கேட்டது ஒரே கேள்வி. "அத்தான், உங்க வண்டி மாதிரியே ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எடுக்கட்டா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

ஒற்றை வார்த்தையில் சொல்கிற சங்கதியா இது? "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தால், அவனிடம் சொல்ல நினைத்ததெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்தேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த வண்டிக்காரர்கள் ஒரு பக்கம், போட்டி வண்டிக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று வாசலில் வந்து நிற்பார்கள். 400 சிசி வகுப்பு, ஒற்றைச் சிலிண்டர், தூரப் பயணத்துக்கென்றே செய்தது, இருநூறு கிலோவை ஒட்டிய எடை, ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர். கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2021 கடைசியில் எடுத்தேன். இன்று காலை மீட்டரில் 38,412.

வீடு பாளையங்கோட்டையில். வேலை பேட்டைப் பக்கம். தினமும் வண்ணார்பேட்டை, ஈரடுக்குப் பாலம், டவுன் என்று ஊரைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போய்வர வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாகர்கோவிலில். அத்தை ஒருத்தி ஸ்ரீவைகுண்டம் பக்கம். தெருவில் கார் நிறுத்த இடமில்லை. ஆக, ஆபீசுக்கும் கோயில் கொடைக்கும் குற்றாலச் சாரலுக்கும் அரிசி வாங்கவும் ஒரே வண்டி போதும் என்று முடிவெடுத்து, பன்னிரண்டு வருசம் உழைத்த 100 சிசி வண்டியை விற்றுவிட்டு இதை எடுத்தேன். விளம்பரத்தில் இந்த ஜாதி வண்டிகள் பனிமலையில்தான் நிற்கும். எனக்குத் தெரிந்த மலை பொதிகை. அது போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கோபம் வந்தால் மறந்துபோகும்.

ஆனி, ஆடி மாதத்தில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் இருசக்கர வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிளந்துகொண்டு வருகிற தென்மேற்குக் காற்று அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? பழைய வண்டியில் போகும்போது ஒரு லாரியை ஒட்டி வந்தால் காற்று சட்டென்று மறையும். அப்பாடா என்று தோள் தளர்வதற்குள் லாரி முடிந்துவிடும். அந்த இடத்தில் விழும் பாருங்கள் ஓர் அறை, வண்டியோடு அடுத்த தடத்தில் கிடப்போம். அக்கா வீட்டுக்குப் போய் இறங்கும்போது கழுத்து கல்லாகியிருக்கும்.

இந்த வண்டிக்கும் அறை விழத்தான் செய்கிறது. ஆனால் தடத்தை விட்டு நகராது. காற்றடிக்கிற பக்கம் லேசாகச் சாய்த்துக் கொடுத்தால் சாய்ந்த வாக்கிலேயே 80-இல் போய்க்கொண்டிருக்கும், ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறவன் மாதிரி. எடை கூடின வண்டி என்று ஊர் குறை சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஆடி மாதத்தில் அந்தப் பேச்சை நிறுத்தினேன். செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு வரை போய்வந்த நாட்களும் இருக்கின்றன. அங்கே இரண்டாம் கியர், மூன்றாம் கியர் தவிர வேறு ஞாபகமே வராது. தென்காசி ரோட்டை நான்கு வழியாக்குகிறேன் என்று வருசக்கணக்கில் கொத்திப் போட்டிருந்தபோது, மற்ற வண்டிகள் குதித்த குழிகளில் இது இறங்கி ஏறியது.

பின் கேரியரைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டையாக, அகலமாக இருக்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை ரப்பர் கயிறு போட்டுக் கட்டினால் வீடு வரும்வரை அசையாது. வாழைத்தாரும் வந்திருக்கிறது. கொடைக்குக் கிடாய் ஏற்றலாமா என்று ஒருத்தர் கேட்டார், அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

ஊருக்குள் ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சூடு. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையில் மாட்டினால் வலது முழங்காலுக்குக் கீழே யாரோ இட்லிக் கொப்பரையைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். மைலேஜ் எனக்கு 28-லிருந்து 30 வரை. சீட் உயரம். வீட்டம்மா முதல் நாளே, "ஏறதுக்கு ஏணியும் சேத்துத் தருவாங்களா?" என்று கேட்டாள். பிறகு சுடிதார் போட்டுக்கொண்டு ஏறப் பழகிவிட்டாள். அம்மாவால் முடியவில்லை. பழைய வண்டியில் ஒருச்சாய்த்து உட்கார்ந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு என்னோடுதான் வருவாள். இப்போது ஆட்டோ. நான் முன்னால் போய் சீட்டுப் போட்டு வைப்பேன், அவள் பின்னால் வந்து இறங்குவாள். சகலத்துக்கும் ஒரே வண்டி என்று நான் போட்ட கணக்கில் விழுந்த முதல் ஓட்டை அது.

அடுத்த ஓட்டை நிஜமாகவே ஓட்டை.

ஸ்போக்ஸ் வீலில் ஒவ்வொரு கம்பியின் நிப்பிளும் ரிம்மைத் துளைத்துத்தான் உட்காரும். அத்தனை துளை போட்ட ரிம்மில் காற்று நிற்காது என்பதால் உள்ளே டியூப். அலாய் வீலில் அந்தத் துளைகள் கிடையாது, டியூபும் வேண்டாம். கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் கோத்து, ஸ்போக்ஸ் வீலையே டியூப் இல்லாமல் ஓட்டும் வழியும் இருக்கிறது. என் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எடுக்கும்போது விற்பனைக்காரர் ஒரு நியாயம் சொன்னார். கல்லில் மோதினால் அலாய் உடையும், ஸ்போக்ஸ் நெளியும், நெளிந்ததைக் கம்பியை முறுக்கிச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று. வாஸ்தவம். இந்த நாலு வருசத்தில் நான் ரிம் நெளிய மோதின கல் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஏறின முள் ஒன்பது. அதில் ஏழு பின் சக்கரத்தில்.

இந்தச் சீமையில் முள்ளுக்குப் பஞ்சமா? நாங்குநேரியிலிருந்து திருச்செந்தூர் வரை எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம். எங்கள் பேச்சில் எல்லாமே உடைதான், உடைமுள்தான். விறகு ஏற்றின டிராக்டர் போனால் வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு போகும். ஆட்டுக் கிடைக்கு வேலி கட்ட முள்ளை ரோட்டோடு இழுத்துப் போவார்கள். டியூப் இல்லாத டயரில் முள் ஏறினால் அதுவே அடைப்பாகி நிற்கும், வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். டியூபில் ஏறினால் அரைக் கிலோமீட்டரில் வண்டி நொண்டும். நொண்டினபடியே ஓட்டினால் டயர் ரிம்மில் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு அடியோடு பிய்ந்துவிடும். பிறகு ஒட்டக்கூட முடியாது.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 17, 18 இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தாமிரபரணி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அத்தை வீட்டுக்குப் போன் போகவில்லை. தண்ணீர் வடியத் தொடங்கியதும் பால் பவுடர், மாத்திரை, மெழுகுவர்த்தி எல்லாம் கட்டிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் கிளம்பினேன். கிருஷ்ணாபுரம் தாண்டினதும் ரோடு சில இடங்களில் ரோடாகவே இல்லை. வண்டல், சரளை, அறுந்த தார். நின்றுகொண்டே ஓட்டினேன். ஒரு இடத்திலும் வண்டி கையை விட்டுப் போகவில்லை. கையில் மாலை இருந்திருந்தால் செய்துங்கநல்லூரில் இறங்கி வண்டிக்குப் போட்டிருப்பேன்.

கருங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் குழைந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையில் அப்பிக் கிடக்கிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட உடைமுள் ரோட்டோரமெல்லாம் வரிசை கட்டியிருந்தது.

இருநூறு கிலோ வண்டி, மேலே சாமான், கீழே சேறு. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளினேன். திறந்திருந்த ஒரே பஞ்சர் கடையில் கடைக்காரர் நனைந்த டியூப்களைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கரண்டு இல்லை, கம்ப்ரசர் ஓடாது, கால் பம்புதான். மெயின் ஸ்டாண்டு போட்டு, அச்சை உருவி, செயினை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவித் தொட்டியில் முக்கினோம். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டினார். எல்லாவற்றையும் மாட்டி முடித்துக் காற்றடித்தால், ஐந்து நிமிசத்தில் மறுபடி புஸ்ஸென்று போனது.

அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பக் கழற்றினார். பனியன் துணி ஒன்றை எடுத்து டயரின் உட்பக்கம் மெதுவாக ஒரு சுற்றுத் தடவினார். பாதியில் துணி இழுபட்டது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு டயரைத் திருப்பி, மூக்குக் குறடால் வெளிப்பக்கமிருந்து பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. முன்னாலேயே ஒடிந்து ரப்பருக்குள் ஒளிந்திருந்த நுனி.

"இதான் அண்ணாச்சி ஆளு. இம்புட்டுப் பெரிய வண்டியச் செஞ்சவன் டியூபப் போட்டு வுட்டுருக்கானே?"

நான் என்ன பதில் சொல்ல? காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "துட்டு கெடக்கட்டும். மெழுகுவத்தி ரெண்டு இருந்தா தாங்க" என்றார். நாலு கொடுத்தேன். அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அத்தை, "காலையிலேயே கெளம்பினியா? சைக்கிள்ல வந்திருந்தா மத்தியானமே வந்திருக்கலாம்லா" என்றாள்.

அதற்குப் பிறகு பக்கப் பெட்டியில் எப்போதும் மாற்று டியூப் ஒன்று, டயர் லிவர் மூன்று, கால் பம்பு. வண்டியோடு தந்த கருவிப் பையில் பின் அச்சைக் கழற்றுகிற ஸ்பேனர் கிடையாது, அதையும் தனியாக வாங்கினேன். நெடுந்தூர வண்டி என்று பெயர் வைத்தவர்கள் அந்த ஒரு ஸ்பேனரை வைக்கக் கூடாதா? முதல்முறை நானே கழற்றி மாட்ட ஒன்றேகால் மணி நேரம். இப்போது முப்பத்தைந்து நிமிசம். திரும்ப மாட்டும்போதுதான் சிக்கல். சக்கரத்தை முழங்காலால் தாங்கிக்கொண்டு, டிஸ்கைப் பிரேக் பேடு இரண்டுக்கும் நடுவில் நுழைத்து, ஏபிஎஸ் வயரில் இடிக்காமல் பார்த்து, செயின் அளவையும் இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு முழங்கால், இரண்டு கை போதாது. பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிப் பார்த்தேன். அடுத்த பஞ்சருக்குப் போனபோது கடைக்காரர் டியூபைக் கையில் எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கொழகொழப்பில் ஒட்டுப் பிடிக்காதாம்.

என் தப்பும் உண்டு, மறைக்க வேண்டாம். டியூப் டயர் என்று தெரிந்துதான் எடுத்தேன். ரிம்முக்கு உட்பக்கம் ஒட்டுப்பட்டை போட்டு டியூப் இல்லாமல் மாற்றித்தர ஆள் இருக்கிறார்கள். தொகையைக் கேட்டுவிட்டு, "இனிமே எங்க பஞ்சர் ஆகப்போவுது" என்று ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறேன். ஒன்பது முறை.

சரி, மச்சினன் விசயம். ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் கணக்கோடு வந்திருந்தான். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதைத் தாண்டினால் 40. முன்பு அந்தப் பெரிய வண்டிகளுக்கு 28-ம் செஸ் 3-ம் சேர்த்து 31 தான். 50 சிசி கூடினதற்கு வரியில் 22 சதவீத வித்தியாசம். பெரிய வண்டி ஆசையையும் பர்சையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்றேன். "350-க்கு உள்ள, அலாய் வீல், டியூப் இல்லாத டயர். ஒங்கம்மா ஏறி உக்கார முடியுதான்னு கடையிலயே கூட்டிட்டுப் போய்ப் பாரு. காத்துல ஆடும், ஆடட்டும். வருசத்துல நாலு மாசந்தான் காத்து. முள்ளு பன்னிரண்டு மாசமும்."

தலையாட்டினான். காப்பி குடித்தான். வெளியே போய் வண்டியைச் சுற்றி இரண்டு சுற்று வந்தான். கேரியரைத் தட்டிப் பார்த்தான்.

"அப்பம் இத எனக்குக் குடுத்துருங்க அத்தான். எப்படியும் ஒங்களுக்குப் பிடிக்கலலா. புதுசுக்கு வரி ஏறிருக்கு, பழசுக்கும் நல்ல வெலதான். சொல்லுத வெலையத் தாரேன்."

சொன்னான் விலையை. நியாயமான விலைதான், கொஞ்சம் கூடவேகூட. வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனி மாசம் அக்கா வீட்டுக்குப் போவணும்லா" என்றேன்.

பின் டயர் தேய்ந்துபோயிருக்கிறது. இந்த வாரம் புது டயர் சொல்லி வைத்திருக்கிறேன், கூடவே இரண்டு டியூப்.