8,850 ரூபாய்க்கு அல்வா: புதுச்சேரி 'சமூக ஊடக மாநாடு', உஷார் மக்களே

இப்பதான் அந்த மாநாட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினாங்க. "ரீஃபண்ட் என்னாச்சு?"ன்னு ஒரே ஒரு வரி கேட்டதுக்கு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். நாளைக்கு ஆபீஸ், வீடுன்னு ஓட ஆரம்பிச்சா "போனா போகுது"ன்னு தோணிடும். நம்மள மாதிரி ஆளுங்க அப்படி ஆறப்போடறதுலதான் இவங்க பொழப்பே ஓடுது.

போனது 8,850 ரூபாய். கட்டணம் 7,500, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,350. வலைப்பதிவும் சமூக ஊடகமும் பற்றி ரெண்டு நாள் மாநாடு, புதுச்சேரியில, சனி ஞாயிறு. ஈ.சி.ஆர். பக்கம் கடலைப் பார்த்த மாதிரி ரிசார்ட், பெரிய பெரிய பேச்சாளர்கள், ரெண்டு வேளை சாப்பாடு, சான்றிதழ், எல்லாத்துக்கும் மேல "உங்கள் பக்கத்தை நிபுணர் ஒருவர் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்து ஆலோசனை சொல்வார்". நான் பணம் கட்டினது அந்தக் கடைசி வரிக்காகத்தான்.

பேர் போட வேண்டாம்னு வக்கீல் நண்பர் சொல்லிட்டார், புகார் கொடுக்கப் போறதால. அதனால அடையாளம் மட்டும்: ஈவென்ட் நடத்துற கம்பெனி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பும் எடுக்கறாங்களாம், ரசீதுல புதுச்சேரி முகவரி. மாட்டினவங்களுக்கு இதுவே புரியும்.

எப்படி நம்ப வச்சாங்கன்னு சொல்றேன், அதுதான் முக்கியம்.

நான் கடலூர், திருப்பாப்புலியூர்ல இருக்கேன். தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்துல காட்டின தமிழ்மணம் திரட்டி ஓடின காலத்துலேர்ந்து வலைப்பூ எழுதறவன். ஊர்ப் பழைய கதை, கெடிலம் ஆறு, ஓ.டி.ன்னு நாங்க சொல்ற பழைய கடலூர்த் துறைமுகம், இப்படி. படிக்கிறவங்க கைவிரல் விட்டு எண்ணுற அளவுதான். போன மாசம் தானே புயல் பற்றி ஒரு பதிவு போட்டேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சே, அது. பண்ருட்டி பக்கம் எங்க கொல்லையில பலாவும் முந்திரியும் மொத்தமா சாய்ஞ்சு கிடந்ததையும், அப்பா அன்னிக்கு முழுக்க மரத்தைப் பார்க்காம வேலியை மட்டும் சரி பண்ணிக்கிட்டிருந்ததையும் எழுதியிருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணுது. மாநாட்டுக்குக் கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சதும் வைக்கப்போனேன். "அண்ணா, ஒரு நிமிஷம். உங்க தானே புயல் பதிவைப் படிச்சு எங்க அம்மா அழுதுட்டாங்கண்ணா. நாங்களும் அந்தப் புயல்ல வீட்டுக் கூரை போய் நின்னவங்கதான்"னுச்சு. அப்பாவும் வேலியும் வர்ற வரியை அப்படியே படிச்சுக் காட்டுச்சு. "இந்த மாதிரி எழுத்து பத்து பேரோட நிக்கக் கூடாதுண்ணா"ன்னும் சொல்லுச்சு. சொந்த வீட்டுலயே படிக்காத பதிவுங்க அது. வலைப்பூ எழுதறவங்களுக்கு அந்தக் குரல் என்ன பண்ணும்னு நான் சொல்லத் தேவையில்லை.

க்யூ.ஆர். கோடு அனுப்புச்சு. ஸ்கேன் பண்ணா கம்பெனி பேர் வரலை, யாரோ தனி ஆள் பேர் வருது. கேட்டேன். "அது எங்க டைரக்டர் அக்கவுண்டுண்ணா, கம்பெனி அக்கவுண்ட் வேற பேங்குக்கு மாத்திக்கிட்டிருக்கோம், ரசீது ஜி.எஸ்.டி.யோட வந்துடும்"னுச்சு. வந்துச்சு. சீல், கையெழுத்து, லோகோ, ஜி.எஸ்.டி. எண், எல்லாம் கனகச்சிதம். 8,850.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ்: "தவிர்க்க முடியாத காரணத்தால் இடம் மாற்றப்பட்டுள்ளது." ரிசார்ட் போய், வில்லியனூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஏற்கெனவே ஈ.சி.ஆர்.ல ரூம் போட்டிருந்த சேலத்துக்காரர் ஒருத்தர் கதையைக் கேட்டா உங்களுக்கு அழுகை வரும். நான் பரவாயில்லை, கடலூர்லேர்ந்து பஸ்ஸு, பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ.

மண்டபத்துல அதுக்கு முந்தின நாள்தான் ஒரு வரவேற்பு நடந்திருக்கு போல. மேடைத் திரையில மாநாட்டு ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தாங்க, ஃப்ளெக்ஸ் அகலம் பத்தலை. ஒரு பக்கம் தெர்மகோல்ல வெட்டின மாப்பிள்ளை பேர்ல பாதியும், இன்னொரு பக்கம் பொண்ணு பேர்ல பாதியும் எட்டிப் பார்க்குது. அதுக்கு நடுவுல "எதிர்காலம் உங்கள் விரல் நுனியில்". வரிசையா செல்ஃபி வேற எடுத்தாங்க.

பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றரைக்கு ஆரம்பிச்சுது. குத்துவிளக்கு, பொன்னாடை, பொன்னாடை, மறுபடி பொன்னாடை. நோட்டீஸ்ல போட்டோ போட்ட முக்கியப் பேச்சாளர் வரவே இல்லை, வீடியோ வாழ்த்துன்னு ஒண்ணு ஓட்டினாங்க. அதுல அவர் புதுச்சேரின்னும் சொல்லலை, மாநாடுன்னும் சொல்லலை. "உங்க எல்லாருக்கும் வாழ்த்துகள்", அவ்வளவுதான். வேற எந்த விழாவுக்கோ பேசினது.

அடுத்து வந்தவர் யூடியூப் வருமானம் பற்றிப் பேசினார். 1,000 சந்தாதாரர், 12 மாசத்துல 4,000 மணி நேரம் பார்வை இருந்தா விளம்பர வருமானம் வரும்னு. யூடியூப் உதவிப் பக்கத்துல சும்மா கிடக்கிற தகவல் இது, அதை அப்படியே ஸ்லைடுல ஒட்டி வாசிச்சார். ஒரு தம்பி, "500 சந்தாதாரர் இருந்தாலே பார்ட்னர் திட்டத்துல சேரலாம்னு சொல்றாங்களே சார்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. 500 பேர், 90 நாள்ல மூணு வீடியோ, 12 மாசத்துல 3,000 மணி நேரம் பார்வை இருந்தா சேரலாம். விளம்பரக் காசு வராது, மெம்பர்ஷிப் மாதிரி சில வசதி மட்டும் கிடைக்கும். "கேள்வி நேரம் கடைசியில"ன்னார் அவர். கடைசியில கேள்வி நேரமே இல்லை.

சாப்பாட்டு வரிசைக்கு வருவோம், அங்கதான் சாயம் வெளுத்துது. எனக்கு முன்னாடி நின்னவர் விழுப்புரத்துக்காரர், வீட்டு மின்சாமான் பற்றி எழுதறவர். பேச்சுவாக்குல, "எனக்கு அந்தப் பொண்ணு போன் பண்ணி, உங்க பதிவைப் படிச்சு எங்க அம்மா அழுதுட்டாங்கன்னு சொல்லுச்சு சார், அதான் வந்தேன்"னார். எந்தப் பதிவுன்னு கேட்டேன்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும்ங்கிற பதிவு.

பின்னாடி நின்ன அம்மா கோலம் வீடியோ போடறவங்க. அவங்க சிக்குக் கோலத்தைப் பார்த்தும் அதே அம்மா அழுதிருக்காங்க. அந்த அம்மாவுக்கு யாராவது கண் டாக்டரைக் காட்டுங்கப்பா! வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சோம். எனக்குச் சிரிப்போட வயித்தெரிச்சல். தானே புயல்ல எங்க அப்பா நின்ன நெலையை ஒரு பொண்ணு போன்ல படிச்சுக் காட்டி, அதை வச்சு 8,850 கறந்திருக்கு. அந்தப் பொண்ணை மாநாட்டுல தேடினேன். "அவங்க டெலிகாலர் சார், ஆபீஸ்ல இருப்பாங்க"ன்னாங்க.

மத்தியானம் மொத்தமும் யாவாரம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ப்ளூ டிக் வாங்கித் தர்றோம், 25,000. ஆட்சென்ஸ், அதாவது நம்ம பக்கத்துல கூகுள் விளம்பரம் போட்டுக் காசு தர்ற திட்டம், அதுக்கு அப்ரூவல் வாங்கித் தர்றோம், 12,000. "இன்னிக்கு மட்டும்" தள்ளுபடியாம். ப்ளூ டிக்கை மெட்டா கம்பெனியே மாசச் சந்தாவுக்கு விக்குது. 2023 ஜூன்ல இந்தியாவுல ஆரம்பிச்சப்போ மொபைல்ல மாசம் 699 ரூபாய். ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்கக் காசே கிடையாது. சொந்தப் பக்கத்துல சொந்தச் சரக்கு இருந்தா கொடுப்பாங்க, இல்லேன்னா இல்லை, நடுவுல எவனுக்கும் அங்க கதவு கிடையாது. பக்கத்துல நெய்வேலியிலேர்ந்து வந்த காலேஜ் பையன் 12,000க்கு ஜிபே பண்ணப் போனான். கையைப் பிடிச்சு இழுத்து வெளிய கூட்டிட்டுப் போய் சொன்னேன். அந்த ஒண்ணுதான் அந்த ரெண்டு நாள்ல உருப்படியா நடந்தது.

2015ல புதுக்கோட்டை வலைப்பதிவர் திருவிழாவுக்குப் போனவன் நான். ஊரே கூடித் தேர் இழுத்த மாதிரி நடத்தினாங்க. என்கிட்ட யாரும் நுழைவுக் கட்டணம்னு கேட்கலை, எவனும் பேக்கேஜ் விக்கலை. இங்க கழுத்துல மாட்டின அட்டைக்கே 8,850.

ஞாயித்துக்கிழமை அந்தத் தனி ஆலோசனை. என் டோக்கனைக் கூப்பிட்டதும் உள்ள போனா, மணமகள் அறையில நாற்காலி போட்டு ஏற்கெனவே ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருக்காங்க. லேப்டாப்போட ஒரு சின்னப் பையன். என் வலைப்பூவைத் திறந்தான், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை உருட்டினான். "சார், கன்டென்ட் நல்லா இருக்கு, ஆனா லெங்த் ஜாஸ்தி. எங்க ப்ரீமியம் பேக் எடுங்க"ன்னான். எதைப் பற்றின வலைப்பூன்னு கேட்டேன். "டிராவல் தானே சார்?"னான்.

அங்கயே பணம் கேட்டேன். "ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல கேளுங்க." அங்க கேட்டா, "அக்கவுண்ட்ஸ் டீமுக்கு மெயில் போடுங்க." போட்டேன், பதில் இல்லை. போன் பண்ணா, "மெயிலே வரலையே, ஸ்பாம்ல போயிருக்கும், மறுபடி போடுங்க." மறுபடி போட்டா, "மேடம் லீவு." அப்புறம் ஒருத்தர், மேனேஜராம், ரொம்ப மரியாதையா: "சார், உங்க 8,850 எங்கயும் போகாது, அடுத்த எடிஷன்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." அடுத்த எடிஷனுக்கு எவன் வருவான்? "இடம் மாறிடுச்சு, பேச்சாளர் வரலை, தனி ஆலோசனை கொடுக்கலை, இதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னேன். "சார், சாப்பிட்டீங்கல்ல?"ன்னான். இந்தக் கேள்வி காதுலேர்ந்து போக மாட்டேங்குது. 8,850 ரூபாய்க்கு சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்!

அப்புறம்தான் ரசீதை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், முதல் ரெண்டு இலக்கம் மாநிலத்தோடது. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. இவங்க முகவரி புதுச்சேரி, எண் மட்டும் 33ல ஆரம்பிக்குது. ஜி.எஸ்.டி. தளத்துல போட்டுத் தேடினா "ரத்து"ன்னு வருது. அப்போ என்கிட்ட வாங்கின 1,350 எந்த அரசாங்கத்துக்குப் போச்சு? இதைக் குழுவுல கேட்டேன், பதில் இல்லை. ரீஃபண்டையும் சேர்த்துக் கேட்டதும்தான் தூக்கினாங்க.

இது மாதிரி எதுலயும் மாட்டாம இருக்க விலாவாரியா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். ஸ்கேன் பண்ணும்போது தனி ஆள் பேர் வந்தா கட்டாதீங்க. ஜி.எஸ்.டி. எண்ணைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கித் தளத்துல போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. பேச்சாளர் வர்றாரான்னு அவர் பக்கத்துலயே போய்க் கேளுங்க. உங்க எழுத்தைப் படிச்சு எவங்க அம்மாவாவது அழுதாங்கன்னா போனை வச்சிடுங்க.

ஏற்கெனவே பணம் போனவங்க: நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் மோசடின்னா 1930, அதுக்கு உடனே கூப்பிடணும், ஆறப்போட்டா பிரயோஜனம் இல்லை. புதுச்சேரியில நடந்ததுக்கு அங்கதான் போய் அலையணும்னு அந்த மேனேஜர் என்னை மிரட்டப் பார்த்தான். பொய். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. நான் கடலூர்லயே போடறேன். வக்கீல் நோட்டீஸ் இந்த வாரம் போகுது.

அந்த மண்டபத்துல உட்கார்ந்திருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, ரசீதையும் இடம் மாத்தின அந்த மெசேஜையும் அழிச்சிடாதீங்க, எனக்கு அனுப்புங்க, சேர்ந்தே போடலாம். கும்பகோணம், மாயவரம் பக்கம் இருக்கறவங்க கவனம்: அடுத்த எடிஷன் அங்கதானாம், விளம்பரம் வந்தாச்சு. அதே பேச்சாளர், அதே போட்டோ. கட்டணம் இப்ப 9,900, ஜி.எஸ்.டி. தனி.