தயாமீதாக்சாம் 25 டபிள்யூ.ஜி.: தேனீப் பெட்டி வைத்திருப்பவனின் மதிப்பீடு

ஒரு ஏக்கர் வெண்டையில் தத்துப்பூச்சியும் அசுவினியும் பெருகியபோது, உரக்கடையில் பரிந்துரைத்தபடி, நூற்றுக்கு 25 பங்கு நஞ்சு கொண்ட இந்தக் குருணை மருந்தை 40 கிராம் வாங்கித் தண்ணீரில் கலந்து தெளித்தேன். பூச்சிக் கட்டுப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. தண்ணீரில் எளிதாகக் கரைந்தது, நாசிலை அடைக்கவில்லை, சில நாட்களிலேயே தளிர்கள் சுருளாமல் வந்தன.

என் மனக்குறை பாக்கெட்டின் லேபிளைப் பற்றியது. கூடுதல் ஆபத்தைக் குறிக்கும் சிவப்பும் மஞ்சளும் இல்லை, நீல முக்கோணம்தானே என்று நானும் நிம்மதி அடைந்தேன். அந்த நிறங்கள் எலிகளிடம் செய்த நச்சுச் சோதனையை வைத்து மனிதருக்கான ஆபத்தைக் காட்ட வகுக்கப்பட்டவை. தேனீக்கு அவற்றில் இடமே இல்லை. எலிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 1,500 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் இந்த நஞ்சை, தேனீ ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நானோகிராம் (நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு) உண்டாலே அவற்றில் பாதி இறந்துவிடும். ஏட்டுக் கணக்கில், நான் வாங்கிய 40 கிராமில் அடங்கிய 10 கிராம் நஞ்சு அத்தகைய 200 கோடி அளவுகளுக்குச் சமம்.

மாலையில் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். வெண்டைப் பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிவிடுவதால், தொடுநஞ்சுக்கு இந்த யோசனை ஓரளவு பொருந்தும். இதுவோ ஊடுருவிப் பாயும் மருந்து. செடியின் சாற்றோடு ஏறி, பிறகு மலரும் பூக்களின் மதுவிலும் மகரந்தத்திலும் சிறிதளவு கலந்துவிடும். கொல்லாத அளவும் தேனீயை வழி தவறச் செய்யும் என்பதை, முதுகில் மின்னணுச் சில்லு ஒட்டிய தேனீக்களைக் கொண்டு பிரான்சில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு, இதே தயாமீதாக்சாமை வைத்துக் காட்டியது. ஆகவே பெட்டியின் வாசலில் செத்த தேனீக்கள் குவியவில்லை என்பதை நற்சான்றாகக் கொள்ள முடியாது. இரை தேடப் போனவை திரும்பாவிட்டால், புழுக்களுக்கு ஊட்ட வேண்டிய இளம் தேனீக்கள் காலத்துக்கு முன்பே வெளியே கிளம்புகின்றன. ஆள் குறைந்த அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிடுகிறது.

வரப்போரம் இருந்த என் நான்கு பெட்டிகளில் ஒன்று இப்படித்தான் காலியானது. பூக்கள் அருகியிருந்த அந்த நாட்களில் சர்க்கரைப் பாகு வைக்க நானும் தாமதித்தேன் என்பதால், முழுப் பழியையும் மருந்தின்மேல் போட மாட்டேன். பசித்த கூட்டம் நஞ்சைத் தாங்கும் வலுவையும் இழந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களில் இதைத் தடை செய்தது. நான் வாங்கிய பாக்கெட்டிலோ, தேனீ பற்றிய எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளில் ஒற்றை வரியாக, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுக்கலாம், லேபிளுக்கு ஒன்றுகூட அதிகம். மீதமுள்ள பெட்டிகள் வரப்பில் இருக்கும்வரை, மொட்டு விட்ட வெண்டைக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறுதான் தெளிப்பேன்.