பத்து மாத்திரை, எண்ணிக் கொடுத்தார்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். "தம்பிக்கு வலியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள், கேட்ட மருந்தைக் கேட்டதும் கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தேன். பதினேழு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். இப்போது எழுதுவது வேறோர் ஆஸ்பத்திரியைப் பற்றி. போன தை மாதம் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றிய இடம். இதன் பெயரைப் போட்டால் பழையதன் பெயரையும் கேட்பீர்கள். எனக்கு யார் மேலும் வழக்குப் போடுகிற எண்ணமில்லை, யாரும் என்மேல் போடுவதிலும் விருப்பமில்லை. அதனால் பழைய ஆஸ்பத்திரி, புது ஆஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்வோம்.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. விடியற்காலை மூன்று மணிக்கு எடை போட ஆரம்பித்தால், எத்தனை மூட்டை வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு வாடியது என்று கிராம் வரைக்கும் எழுதுகிறவன். அப்படிப்பட்ட நான் வீட்டுக்குள் வந்த மாத்திரையை எண்ணவில்லை என்பதுதான் கதை.

தம்பி லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். விரகனூர் பக்கம் ரிங் ரோட்டில் விபத்து, தொடை எலும்பு முறிவு. பழைய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கு கவுன்டரில் இருந்த பெண், "வலிக்கு ஒரு மாசத்துக்கு வருதுண்ணே, கம்ப்யூட்டர்ல எல்லாருக்குமே அப்படித்தான் செட் பண்ணிருக்கு" என்றது. டிரமடால், ஒரு நாளைக்கு இரண்டு, அறுபது மாத்திரை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கொஞ்சம் கூடவே போட்டுக் குடும்மா, அடிக்கடி அலைய முடியாது" என்றேன். போட்டுக் கொடுத்தார்கள். நான் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று அதற்காகத்தான்.

டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து என்று அப்போது எனக்குத் தெரியாது. 2018 ஏப்ரலிலேயே மத்திய அரசு அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதற்கும் முன்னால், 2014 மார்ச்சிலிருந்தே, எச்1 என்ற அட்டவணையில் அது இருக்கிறது. மெடிக்கல்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எட்டு மாதம் கழித்து தம்பியின் பர்ஸில் அந்தப் பழைய மருந்துச் சீட்டு இருந்தது. மடித்து மடித்து, தேதி இருந்த மடிப்பில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. கிழியாமல் இருக்கப் பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தான். ஒரு கடையில் கொடுக்காவிட்டால் அடுத்த கடை. சில நாள் சீட்டே கேட்கவில்லையாம்.

மாத்திரை கிடைக்காத நாளில் அவனுக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். மூக்கு ஒழுகும், கை முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும். சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். மாத்திரைப் பழக்கத்தால் வருவது என்று தெரியாமல், அம்மா ஜலதோஷம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு மாதம் கஷாயம் குடித்தான், பாவம்.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய், டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது நன்றாக இருக்கிறான். பேப்பரில் "போதைக்காக வலி நிவாரணி மாத்திரை" என்று செய்தி வந்தால் இளவட்டப் பையன்கள், ஊசி, போலீஸ் என்றுதான் படிக்கிறோம். 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பில், மருந்துக் கடையில் விற்கிற அபின் வகை மருந்துகளை மருத்துவத் தேவைக்கு வெளியே எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் என்று வந்தது. எங்கள் மார்க்கெட் கூட்டத்தில் அது எத்தனை பேர் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் போட வேண்டாம்.

சரி, புது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நர்ஸ் எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். சுகர், பிரஷர் எல்லாம் முடிந்து, "தூக்க மாத்திரை ஏதும் போடுறீங்களாம்மா? வீட்ல யாருக்காவது குடிப்பழக்கம், மாத்திரைப் பழக்கம் உண்டா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "தப்பா நினைக்காதீங்கண்ணே, எல்லாரையும் கேக்கச் சொல்லிருக்காங்க" என்று அச்சடித்த தாளைத் திருப்பிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் தம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டு, "அப்போ மாத்திரை உங்க பொறுப்பு, பீரோல வச்சுப் பூட்டிருங்க" என்றார். டாக்டருக்கு டாக்டர் மனசுப்படி கேட்காமல் எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்று மேலே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அதனால்தான் எனக்குக் கூச்சம் குறைந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் தொடைப் பக்கம் நரம்புக்கு அருகில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகிற மருந்து. கூடவே பாராசிட்டமால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐஸ் பை. மறுநாளே பிசியோதெரபிக்காரர் வந்து நடக்கவைத்தார். அபின் வகை மருந்து கடைசியில்தான், கொஞ்சம்தான். அதை வைத்திருக்கிற அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு நர்ஸ் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். உடைத்த காலி ஊசிமருந்துக் குப்பியைக்கூட எண்ணித் திருப்பி வைக்கிறார்கள். வராண்டாவில் நின்று இதை நான் வேடிக்கை பார்த்தேன். எங்கள் கடையில் காலிச் சாக்கை எண்ணுகிற மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். ரவுண்ட்ஸ் வந்தபோது, "ஏன் சார் இவ்வளவு கறார்?" என்று கேட்டேன். நின்று பதில் சொன்னார். அமெரிக்காவில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை விற்பனைக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்தார். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து போகிறவர்களிடம் வலியை எவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள் என்று கேட்டு மார்க் வாங்குவார்களாம். அந்த மார்க்கைப் பொறுத்து அரசு இன்ஷூரன்ஸ் கொடுக்கிற பணம் கொஞ்சம் ஏறும், இறங்கும். மார்க்குக்காக மாத்திரையை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்து, 2018இல் அந்தக் கேள்வியைப் பணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2021இல் மட்டும் அங்கே போதை மருந்து அளவுக்கு மீறிச் செத்தவர்கள் 1 லட்சத்துக்கு மேல், அதில் சுமார் 80,000 பேர் சாவில் அபின் வகை மருந்து இருந்தது. பெரும்பாலும் கள்ளச் சந்தையில் விற்கிற ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்துதான், ஆஸ்பத்திரி மாத்திரை இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு ஆரம்பம் மாத்திரைதான் என்றார். மார்க் என்று அவர் சொன்னபோது எனக்கு என் பதினேழு லைக் ஞாபகம் வந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஐந்து நாளைக்கு. எண்ணில் 10, பக்கத்தில் எழுத்தில் "பத்து மட்டும்". செக்கில் எழுதுகிற மாதிரி. மாத்திரை கொடுத்ததும் சீட்டின் மேல் சிவப்பு முத்திரை, "வழங்கப்பட்டது, மறுமுறை செல்லாது". இந்த முத்திரை செய்ய நூறு, இருநூறு ரூபாய் ஆகியிருக்குமா? பழைய ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ மெஷினே இருந்தது. மெடிக்கலில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார். மாதா மாதம் எந்த டாக்டர் எத்தனை டிரமடால் எழுதினார் என்று பட்டியல் எடுத்துப் பெரிய டாக்டர் மேஜைக்கு அனுப்ப வேண்டுமாம். "திட்ட மாட்டாரு, பட்டியலைச் சுவத்துல ஒட்டிருவாரு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் போன் வந்தது. வலி எப்படி, நடக்கிறார்களா, மலச்சிக்கல் உண்டா, மாத்திரை எத்தனை மிச்சம். அம்மா ஆறுதான் போட்டாள். மிச்சம் நாலைத் தையல் பிரிக்கப் போனபோது கொண்டுபோனேன். எண்ணி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கொண்டுவர முடியாதவர்கள் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமாம். டிரமடால் உட்பட 17 மருந்துகளுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2025இல் அப்படிச் சொல்லியிருக்கிறது.

இனி குறைகள். இரண்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மரப்பு விட்டுப்போய் அம்மா அழுதுவிட்டாள். அவள் அழுது நான் அப்பா சாவில்தான் பார்த்தது. நர்ஸ், "டாக்டர் எழுதினாத்தான்ம்மா நான் தர முடியும்" என்று நின்றுகொண்டிருக்கிறார். டியூட்டி டாக்டர் கீழே அவசரச் சிகிச்சையில். நாற்பது நிமிடம். அலமாரிக்கு இரட்டைப் பூட்டு போட்டவர், ராத்திரிக்கு இரண்டாவது டாக்டரையும் போட்டிருக்க வேண்டும். மறுநாள் எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. வலியில் துடிக்கிறவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதும் தப்புதான். எங்கள் முதலாளியின் அம்மா புற்றுநோயில் கடைசி நாலு மாதம் மார்ஃபின் என்ற அபின் வகை மருந்தால்தான் தூங்கினார். அந்த மருந்து ஆஸ்பத்திரிகளுக்குச் சுலபமாகக் கிடைக்க 2014இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அப்புறம், பழக்கத்திலிருந்து மீட்கிற டாக்டர் இங்கே கிடையாது. தம்பியைப் பற்றிக் கேட்டதற்கு 14446 என்ற இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு ஆளை வாரத்துக்கு ஒருநாள் வரவழைக்க இவர்களுக்கு வசதி இருக்கிறது.

ஐஸ் பைக்குத் தனி பில். பார்க்கிங்கில் டூ வீலரை வைத்தால் எடுப்பதற்குள் விடிந்துவிடும். கேன்டீன் காபியைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

என் கணக்கில் நாலு நட்சத்திரம். அம்மாவைக் கேட்டால் மூன்றுதான் தருவாள், அந்த ராத்திரியை அவள் இன்னும் விடவில்லை. பழைய ஐந்தை அழித்துவிடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "அழிக்காதண்ணே, அதுக்குக் கீழேயே இதையும் போடு" என்றான்.