நாஸ்காரில் வேலை: எந்த வாசலில் நுழைவது?

நாஸ்கார் என்பது அமெரிக்காவில் சாலைக் கார் தோற்றமுள்ள வண்டிகளை ஓட்டும் ஸ்டாக் கார் பந்தய அமைப்பு. அந்தப் பந்தயத்தில் ஸ்டீயரிங் பிடிப்பவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்தில் சேர முக்கியமாக மூன்று வாசல்கள் உண்டு: பிட் க்ரூ (பந்தயத்தின் நடுவே கார் வந்து நிற்கும்போது டயர் மாற்றி, பெட்ரோல் ஊற்றுபவர்கள்), பட்டறை மெக்கானிக், இன்ஜினியர். எந்த வாசலானாலும் போக வேண்டிய ஊர் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய அணிகள் பெரும்பாலும் வட கரோலினாவில், சார்லட் நகரைச் சுற்றியே இருக்கின்றன. ஹென்ட்ரிக் அணி கன்கார்டில், ஜோ கிப்ஸ் அணி ஹன்டர்ஸ்வில்லில்.

முதலில் பிட் க்ரூ. கார் வந்து நிற்கும் இடத்துக்கும் க்ரூவுக்கும் நடுவே உள்ள சுவரைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஐந்து பேர். கார் நிற்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுவார்கள். ஜாக் பிடிப்பவர் ஓரிரு அழுத்தில் வண்டியின் வலது பக்கத்தைத் தூக்க, சக்கரம் கழற்றுபவர் முழங்கால் தரையில் பட விழுந்து நட்டு கழற்றும் கருவியை (கன்) சக்கர நட்டில் வைப்பார். அது முடிந்ததும் அப்படியே இடது பக்கம் ஓட வேண்டும். இதற்குள் பெட்ரோல் ஊற்றுபவர் நாற்பது கிலோ சொச்சம் கனக்கும் கேனைத் தோளில் தாங்கி நிற்பார். எல்லாம் சேர்ந்து பத்து நொடி சுமார்.

ஒரு காலத்தில் வாரம் முழுக்க வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக்கே ஞாயிற்றுக்கிழமை டயரும் மாற்றினார். 1990களின் தொடக்கத்தில் ஹென்ட்ரிக் அணியில் க்ரூ சீஃபாக (ஒரு காரின் குழுவுக்குத் தலைவர்) இருந்த ரே எவர்ன்ஹாம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய ஆண்டி பாபதனாசியூவைக் கொண்டு க்ரூவுக்கு உடற்பயிற்சியும் ஒத்திகையும் கொடுக்கவைத்தார். அதற்குப் பிறகு இது விளையாட்டு வீரர்களின் வேலையாகவே மாறிவிட்டது. டயர் மாற்றும் வேலைக்கு வந்த பிரெஹானா டேனியல்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். எனவே ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பது இங்கே பெரிய குறையில்லை, கால் மெதுவாக இருப்பதுதான் குறை. ஆனால் முட்டியும் தோளும் எத்தனை வருஷம் தாங்கும்?

பட்டறை வேலைக்கு மூர்ஸ்வில்லில் நாஸ்கார் பெயரிலேயே ஒரு தொழிற்கல்விக்கூடம் 2002 முதல் இருக்கிறது. கட்டணம் கட்டிச் சேரும் முன் ஒன்றை யோசியுங்கள். முன்பெல்லாம் தகட்டை வளைத்து, பற்றவைத்து, சேசிஸையும் (அடிச்சட்டகம்) பாடியையும் பெரிய அணிகள் தாங்களே செய்துகொண்டன. 2022-இல் நெக்ஸ்ட் ஜென் என்ற புதிய வகைக் கார் வந்ததும் பெரும்பாலான பாகங்களை எல்லோரும் ஒரே நிறுவனங்களிடம் வாங்கிப் பூட்ட வேண்டியதாயிற்று. சக்கரத்துக்கு ஐந்து நட்டு போய் ஒற்றை நட்டு வந்ததும் அந்தக் காரில்தான். மெக்கானிக்குக்கு இன்னும் வேலை உண்டு. ஆனால் தகட்டு வேலையில் கைதேர்ந்தவனுக்கு முன்பிருந்த மவுசு நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் இப்போது இல்லை என்பது என் கணிப்பு.

பாகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், ஒரு அணி இன்னொன்றை எதில் முந்துவது? ஸ்பிரிங், டயர் காற்றழுத்தம், வண்டியின் உயரம், சிமுலேட்டர் கணக்கு. அதனால்தான் இன்ஜினியர் கை ஓங்கியிருக்கிறது. கணக்கு வருமென்றால் நான் இந்த வாசலைத்தான் காட்டுவேன். பட்டம் மட்டும் போதாது, கல்லூரி மாணவர்களுக்கான ஃபார்முலா எஸ்ஏஇ போட்டிக்குக் கார் கட்டிய அனுபவம் வேண்டும். நம்மூர் மாணவர்களுக்கும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் அதேபோன்ற ஃபார்முலா பாரத் போட்டி இருக்கிறது. (நாஸ்காரில் கோவைக்கு ஒரு தொடர்பு ஏற்கெனவே உண்டு: கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் அதன் பிக்கப் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார்.)

சரி, தகட்டு வேலையில் தொடங்கி மேலே வந்தவர்களே இல்லையா? சாட் க்னாஸ் இருக்கிறார். ஹென்ட்ரிக்கில் தகட்டு வேலை செய்தார், டயர் மாற்றினார், அப்புறம் ஓட்டுநர் ஜிம்மி ஜான்சனின் க்ரூ சீஃபாக ஏழு சாம்பியன் பட்டம் வென்றார். இன்று அந்த மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அவ்வளவு எளிதில்லை.

வீட்டில் கேட்கப்போகும் கேள்வி ஒன்று பாக்கி: எத்தனை நாள் வீட்டில் இருப்பாய்? கப் தொடரில் பிப்ரவரி முதல் நவம்பர் வரை 36 பந்தயங்கள். பிட் க்ரூ பெரும்பாலும் பந்தய நாளன்று விமானத்தில் போய், அன்றிரவே திரும்பிவிடும். வண்டியோடு பயணிக்கும் மெக்கானிக்கும் இன்ஜினியரும் முன்னதாகவே கிளம்பியாக வேண்டும்.