இரண்டு கார்டும் ஒரு விக்கலும்

போன வாரம் சித்தி மகன் ஒரு படம் அனுப்பினான். கடையில் வைத்து எடுத்த டாஸ்க் மேனேஜர் திரை. ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு வரி. ஜிபியு என்றால் திரையில் படம் வரைகிற சிப். கீழே கேள்வி: "அண்ணே, கடைக்காரர் டூயல் கிராஃபிக்ஸ்னு சொல்லுதாரு. ஒங்களுக்க லேப்டாப்பும் ரெண்டு கார்டுதானே, இது கொள்ளாமா?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் என் லேப்டாப்புக்கு ஃபேன் மாற்றிவிட்டு, பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "எடுக்காதே" என்று மட்டும் போட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் அவன் கேட்டது வேறு விஷயம் என்று உறைத்தது.

அவன் பார்த்த இரண்டில் ஒன்று பிராசசரோடு கூடவே வரும் கிராஃபிக்ஸ். இன்னொன்று தனி கார்டு. இன்றைக்கு வரும் கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலானவை இப்படித்தான். எக்செல் திறந்தால் சின்னது வேலை செய்யும், கேம் போட்டால் பெரியது. இதை டூயல் என்று சொல்லி விற்பது, சாம்பாரோடு சோறு தருகிறோம் என்று பெருமை பேசுவது மாதிரி.

என்னுடையது அந்த ரகம் இல்லை. 2013 கடைசியில் அத்தான் சவூதியிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. ஒரே மாதிரி இரண்டு தனி கார்டு, ஒவ்வொன்றிலும் 2 ஜிபி மெமரி, எஸ்எல்ஐ முறையில் இணைத்தது. இரண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டவைக்கும் என்விடியா கம்பெனியின் ஏற்பாடுதான் எஸ்எல்ஐ. இரண்டாவது கார்டு பக்கவாட்டில் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, தாழ்ப்பாளைத் தள்ளினால் டிராயர் மாதிரி வெளியே வரும். அந்த இடத்தில் டிவிடி டிரைவ் போடலாம், இன்னொரு ஹார்டு டிஸ்க் போடலாம். அத்தான் முன்னால் அதைக் கழற்றி மாட்டிக் காட்டியபோது இருந்த கெத்து, சத்தியமாக, அதற்கப்புறம் எந்தப் பொருளிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த விக்கல்.

எஸ்எல்ஐ பெரும்பாலும் எப்படி ஓடும் என்றால், முதல் பிரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்றை, ஒரு கார்டு வரையும், அடுத்ததை மற்றது வரையும். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தாளம் இருக்கும்வரை அழகு. ஒருத்தி கொஞ்சம் பிந்தினால் இரண்டு குத்து அடுத்தடுத்து விழும், அப்புறம் ஒரு வெற்றிடம். ஒரு நிமிடத்தில் எத்தனை குத்து என்று எண்ணினால் கணக்கு சரியாகத்தான் வரும். ஜிடிஏ 5 கேமில் நொடிக்கு 55 பிரேம் என்று மூலையில் எண் ஓடும், கார் மட்டும் திக்கித் திக்கித் திரும்பும். எண்ணைக் காட்டி நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். விளையாடியது என்னவோ நான்தான்.

இரண்டும் சேர்ந்து 4 ஜிபி என்று நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான். இல்லை. ஒரே தகவலை இரண்டு கார்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். கேமுக்குக் கிடைப்பது 2 ஜிபிதான். புதிய கேம்கள் பல, முந்தைய பிரேமில் இருப்பதை எடுத்துத்தான் அடுத்ததை மெருகேற்றுகின்றன. முந்தையது அடுத்த வீட்டுக் கார்டில் கிடந்தால் அதற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பல கேம்களில் இரண்டாவது கார்டு சும்மா சூடாகும், அவ்வளவுதான். 2021 ஜனவரி 1 முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கார்டுகளுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒரு கேமில் இரண்டு கார்டும் சேர்ந்து ஓடுவதற்கான அமைப்பு) கிடையாது என்று என்விடியாவே அறிவித்துவிட்டது. கதை முடிந்தது.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும். ஃபேனும், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கும் எம்மாத்திரம்? இரண்டு கார்டுக்கு இரண்டு ஃபேன். இரண்டும் கத்தினால், "மக்களே, மிக்சிய அமத்துலே" என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். 170 வாட் அடாப்டர் வேறு, செங்கல் கனம். அது ஒருமுறை செத்து, அதே பின் உள்ளது நாகர்கோவிலில் கிடைக்காமல் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரமும் போஸ்டும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. இரண்டாவது கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, தெருவில் நாலைந்து போனுக்கு அதிலிருந்துதான் சார்ஜ் ஏற்றினோம். கடலுக்குப் போனவர்கள் வீட்டுப் போன்கள் முதலில். கழற்ற முடிகிற கார்டின் அருமை அன்று தெரிந்தது. கழற்றியதால்தான் பயன் என்பது வேறு விஷயம்.

இந்த முறை ரிப்பேரில், இரண்டாவது கார்டின் செப்பு முனைகள் பச்சை பிடித்திருப்பதைப் பையன் காட்டினான். ரப்பர் வைத்துத் தேய்த்து மாட்டிக் கொடுத்தான். ராத்திரி ஜிடிஏ போட்டேன். 55. விக்கல் அப்படியே இருந்தது.

பிறகு தம்பிக்கு விவரமாக எழுதினேன். ஒரே தனி கார்டு போதும். கார்டின் பெயரை மட்டும் பார்க்காதே, அதற்கு எத்தனை வாட் கரண்ட் கொடுக்கிறார்கள் என்று கேள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது, பெயர் ஒன்றுதான், ஓட்டம் வேறு. மக்ஸ் சுவிட்ச் இருந்தால் நல்லது. பெரிய கார்டின் படம் சின்னதைச் சுற்றாமல் நேரே திரைக்கு வரும். கடைக்காரர் டூயல் என்றால் சிரித்துவிட்டு வா.

"அப்போ ஒங்களுக்க பழச எனக்குத் தருவியளா அண்ணே, சும்மா கழத்தி மாட்டிப் பாக்க?"

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.